ஹங்கேரிக்காரருக்கு நாவூறு

சுந்தரேஸ்வரிக்கு முதலில் ஒப்பெரா என்றால் காது கூசியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜெர்மனியின் டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்தில் இருந்த அந்த நகரத்து அரங்கில், நடிகர்களுக்கு உடுப்பு அணிவிக்கும் வேலைக்கு அவள் சேர்ந்த புதிது. மேடையோரம் கூடையோடு நின்றவள், பருத்த பெண்ணொருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறுவதைக் கேட்டு, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் எடுக்க ஓடினாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் முறையிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அங்கை சாகிறவளும் பாடித்தான் சாகிறாள். அதுவும் உடனை சாகிறாளே? திரும்பத் திரும்ப எழும்பிப் பாடுறாள். எங்கடை கூத்திலைகூட இப்பிடி இல்லையப்பா."

சோதிலிங்கம் எண்பதாம் ஆண்டே வந்து, டுசல்டோர்ஃபில் ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையலுக்கு உயர்ந்தவர். உலகம் முழுவதையும் குசினி வாசலில் நின்று பார்ப்பவர். "உம்மை அங்கை எடுத்தது பாட்டுக் கேக்கவோ, பொத்தான் பூட்டவோ? பூட்டிப்போட்டு வாரும்" என்றார். அவள் எண்பத்துநான்கில் வந்து, அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதி, டெர்மீன் டெர்மீனாக, தவணைக்குத் தவணை வரிசையில் நின்று வாங்கிய வேலை அனுமதி அது. பூட்டத்தான் வேண்டும்.

அந்தக் காதுக் கூச்சத்தைத் தீர்த்து வைத்தவர் பாலிண்ட் கெமெனெஷ். ஹங்கேரிக்காரர். அரங்கின் முதல் டெனர். ஆண்குரலில் உச்சிக்குப் போய் நிற்கிற குரலுக்குத்தான் டெனர் என்று பெயர். போகிறவர்கள் பலர், போய் நிற்கிறவர்கள் சிலர், போய் நின்று அங்கேயிருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர் இவர் ஒருவர்தான் என்பது சுந்தரேஸ்வரியின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. முதல்முறை அவர் பாடக் கேட்டபோது அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கையில் பிடித்திருந்த ஊசிப்பெட்டி நழுவியதும் தெரியவில்லை, கன்னத்தில் வழிந்ததும் தெரியவில்லை. பிறகு நிலத்தில் தவழ்ந்து தவழ்ந்து ஊசி பொறுக்கினாள்.

அவருக்கு உடுப்பு அணிவிக்கும் வேலை அவளுக்கு வந்த விதமே ஒரு கதை. ஒரு பாடகி, பெயர் எதற்கு, வெள்ளைப் பட்டுச் சட்டையில் அந்தக் கறுத்தக் கை படக்கூடாது என்று உடுப்பறையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். உடுப்பறைக்குப் பொறுப்பான ஃபிரவ், அதாவது திருமதி, பிரிங்க்மான் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மேசையைத் துடைத்தாள். சுந்தரேஸ்வரி நின்ற இடத்திலேயே குறுகிப்போனாள். அப்போது வாசலில் அப்பிள் கடித்துக்கொண்டு நின்ற கெமெனெஷ் உள்ளே வந்து, "நல்லதாகப் போயிற்று. இனி இவர் எனக்கு மட்டும்தான். என் உடுப்பை வேறு யாரும் தொட நானும் விடமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும், அது வேறு.

அவளுடைய நீளப் பெயரை நடுவில் வெட்டி அவர் 'ஃபிரவ் சுந்தரி' ஆக்கினார். இருவரும் பேசியது ஜெர்மன். அவருடைய ஜெர்மனில் முப்பது வருடத்துக்குப் பிறகும் ஹங்கேரி மணத்தது. அவளுடையதில் யாழ்ப்பாணம் மணத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாக விளங்கின. ஜெர்மன்காரருக்குத்தான் சிரமம்.

முதல்நாள் அவர் மேடைக்குப் போகும்போது மற்றவர்கள் சொல்லக் கேட்டதுபோல அவளும் அவருடைய இடத்தோளுக்கு மேலால் 'தொய் தொய் தொய்' என்றாள். அங்கே அதுதான் ஆசீர்வாதம். துப்புவதுபோல மூன்றுமுறை சொல்ல வேண்டும். அவர் திரும்பி அவளைப் பார்த்து அதையே சொன்னார். இவள் மரியாதை தெரிந்த பிள்ளையல்லவா, "டாங்க" என்றாள். நன்றி சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது. நன்றி சொன்னால் ஆசீர்வாதம் பலிக்காதாம், தலைகீழாகப் போய்விடுமாம். அவளைக் கொண்டுபோய் மரக்கதவில் மூன்றுதரம் தட்டவைத்த பிறகுதான் மேடையில் கால் வைத்தார். சுந்தரேஸ்வரிக்கு உள்ளூரப் பெரிய ஆறுதல். இந்த வெள்ளைக்காரருக்கும் சாத்திரம் சகுனம் எல்லாம் இருக்கிறது, நாங்கள் மட்டும் விசரர் இல்லை என்று அன்றைக்கு வீட்டில் இரண்டு கறி வைத்தாள்.

அவருடைய கதையை அவள் துண்டு துண்டாகத்தான் கேட்டாள். உடுப்பின் முதுகுக் கொக்கிகளை, எங்கள் பேச்சில் கொளுவிகளை, ஒவ்வொன்றாக மாட்டும்போது அவர் கண்ணாடியைப் பார்த்தபடி சொல்லுவார். ஹங்கேரியின் பெரிய சமவெளியில் ஒரு சிறு பட்டணம். தகப்பன் இறைச்சிக்கடைக்காரர். கடைக்குப் பின்னால் இறைச்சிக்குப் புகை போடுகிற ஒரு சிறிய செங்கல் அறை. நெருப்பு அணையாமலும் கொழுந்துவிடாமலும் பார்ப்பது பாலிண்டின் வேலை. புகைக்குள் இருந்தபடியே பாடுவாராம். எட்டு வயது இளைய தங்கை இலோனா கதவுக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து கேட்பாளாம். "தொண்டை கெட்டுப்போகும், வாயை மூடிக்கொண்டு விறகைத் தள்ளு" என்று தகப்பன் கத்துவார். வாயை மூடினால்தானே.

பிறகு புடாபெஸ்டில் சங்கீதப் படிப்பு. பகலில் புகையிரத நிலையத்தில் மூட்டை சுமந்து, பின்னேரம் குரல் பழகினார். தலைநகரத்து அரங்கில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில் நின்று பாடக் கிடைத்தது. ஐம்பத்தாறில் தெருவில் சோவியத் படையின் யுத்தத் தாங்கிகள் வந்தன. சேற்று நிலத்தைத் தாண்டி ஒஸ்திரியாவுக்குள் போனவர்களில் அவரும் ஒருவர். கையில் பெட்டி இல்லை, தொண்டை மட்டும் இருந்தது. அகதி முகாமில் நத்தார் அன்று, கிறிஸ்து பிறந்த நாளில், நிலக்கரி அடுப்பு புகைத்துத் தள்ளிய ஒரு கூடத்தில், கம்பளி போர்த்திய சனங்களுக்கு நடுவே ஏறி நின்று பாடினார். அதைக் கேட்ட ஒருவர் மூலம்தான் இந்த அரங்கு. இங்கேயும் முதலில் பின்வரிசை. ஒரு குளிர்காலத்தில் முன்வரிசைக்காரருக்குக் காய்ச்சல் வர, இரவல் உடுப்போடு இவர் போய் நின்றார். திரை விழுந்த பிறகு சனம் வீட்டுக்குப் போக மறுத்ததாம். அதற்குப் பிறகு வியன்னா, மிலான், அமெரிக்கா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பாடிவிட்டு, முதலில் கதவு திறந்த இந்த அரங்குக்கே திரும்பித் திரும்பி வந்தார். மேடை கூட்டுகிறவரின் பெயர்கூட அவருக்குத் தெரியும். பாட்டு இருக்கிற நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மேடைப் பலகையில் வெறுங்காலோடு நடந்து பார்ப்பார். அவரைப்போல வேலையை மதித்த ஒரு மனிதரை சுந்தரேஸ்வரி தன் ஆயுளில் கண்டதில்லை, அதை யாரிடமும் சத்தியம் பண்ணிச் சொல்லுவாள்.

ஆனால் ஹங்கேரிக்கு அவர் போகவேயில்லை. மேற்குநாட்டு வானொலி ஒன்றில் தாங்கிகளைப் பற்றி ஏதோ பேசிவிட்டார். அதற்குப் பிறகு விசா கேட்டபோதெல்லாம் கையை விரித்தார்கள். அவர் குரலை அங்கே வானொலியில் போடமாட்டார்கள். தாய் செத்ததற்கும் போக முடியவில்லை, தகப்பன் செத்ததற்கும் முடியவில்லை. அவருக்குத் தங்கையாகப் பிறந்த குற்றத்துக்காக இலோனாவுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண்ணாடியைப் பார்க்கமாட்டார். சுந்தரேஸ்வரியும் கொளுவியை விட்டு நிமிரமாட்டாள். அவளுக்கும் ஊரில் ஒரு தம்பி இருந்தான், விமலநாதன். அவனைப் பார்த்து ஐந்து வருடமாகிவிட்டது. ஐந்துக்கே நெஞ்சு இப்படி அடைத்தால் முப்பது வருடம் எப்படி என்று நினைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

எண்பத்தொன்பது மே மாதம். கெமெனெஷ் மேடையிலிருந்து விடைபெறப்போகிறார் என்று பத்திரிகையில் அரைப்பக்கப் படத்தோடு வந்தது. கடைசியாக, நாடு திரும்பும் கிழட்டுக் கப்பல் தலைவன் வேடம். அந்த மாதம்தான் ஹங்கேரியில் எல்லை முட்கம்பியை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன்னமே அங்கே பாஸ்போர்ட் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். இலோனா வருகிறாள்! வாழ்நாளில் முதல்தடவையாக அண்ணன் மேடையில் பாடக் கேட்பதற்கு. முன்பு ஒருமுறை எங்கோ வெளிநாட்டு வானொலியில், இரைச்சலுக்கு நடுவில், கொஞ்சம் கேட்டாளாம். அவ்வளவுதான்.

"ஃபிரவ் சுந்தரி, எத்தனையோ அரசர்களுக்கு முன்னால் பாடிவிட்டேன். பயந்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது" என்றார் அவர். "இந்த ஒரு தடவை நன்றாகப் பாடிவிட்டால் போதும். அவளுக்குத் திரும்ப ஒரு தடவை கிடையாது."

நன்றாகப் பாடவேண்டும் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய கவலையோ, அதைவிடப் பெரிய கவலை இவளுக்கு. ஏனென்றால் அந்த வாரம் நடந்ததெல்லாம் சரியாகவே இல்லை. திங்கட்கிழமை மேடைத் தட்டி ஒன்று அவருக்குப் பக்கத்தில் சாய்ந்து விழுந்தது. அடுத்து அப்பிள் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டார். பிறகு, தலைவனின் நீலக் கோட்டில் அவள் தன் கையால் இரட்டை நூலில் தைத்த கொளுவி தானாகப் பிய்ந்தது. நகரம் முழுக்க அவரைப் பற்றித்தான் பேச்சு, பேக்கரியில் பேச்சு, டிராமில் பேச்சு. அரைப்பக்கப் படம் வேறு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்?

"அந்தாளுக்கு நாவூறு" என்று அறிவித்தாள் வீட்டில்.

"உமக்கென்ன விசரே?" என்றார் சோதிலிங்கம். "அங்கை நெருப்பணைக்கிறவன் காவல் நிக்கிறான் எண்டு நீர்தானே சொன்னனீர். தீக்குச்சி கிழிச்சாலே உம்மைப் பிடிச்சுத் தள்ளிப்போடுவாங்கள்."

"உள்ளுக்கை ஆர் கிழிக்கிறது? வெளியிலை முத்தத்திலை வைச்சு எரிப்பன். அவருக்குச் செய்யாமல் நான் பிறகு ஆருக்குச் செய்யிறது, சொல்லுங்கோ பாப்பம்?"

சோதிலிங்கம் சொல்லிப் பார்க்கவில்லை. உணவகத்திலிருந்து கரியும் பழைய பால்மா டின்னும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். மனுஷன் வாயால்தான் முரடு.

நாவூறு கழிக்கிற சங்கதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செத்தல் மிளகாய், உப்பு, கடுகு, வாசல் மண் எல்லாவற்றையும் கையில் பொத்திக்கொண்டு ஆளை மூன்றுமுறை சுற்றி நெருப்பில் போட வேண்டும். மிளகாய் எரியும்போது மூக்கில் ஏறிக் காறினால் நாவூறு இல்லை. காறாமல் சும்மா கருகினால் நாவூறு இருந்தது, இப்போது கழிந்தது என்று அர்த்தம். இது எங்கள் ஊர்க் கணக்கு. இதில் விஞ்ஞானம் கேட்கிறவர்கள் வேறு கதை படிக்கலாம்.

அன்றைக்குப் பின்னேரம் வெயில் இன்னும் இருந்தது. இலோனாவின் ரயில் சுணங்கி, நேரே நிலையத்திலிருந்து அரங்குக்குத்தான் வருவாள் என்று செய்தி வந்திருந்தது. எப்படியும் பாட்டுக்கு முன்னால் யாரையும் பார்ப்பதில்லை என்பது அவர் வழக்கம். தங்கைக்கும் அதுதான் சட்டம். கெமெனெஷ் நீலக் கோட்டை அணிந்து கண்ணாடிக்கு முன் இருந்தார். சுந்தரேஸ்வரி வலக்கையில் தூரிகை பிடித்துத் தோளைத் தட்டினாள். இடக்கை பொத்தியபடியே இருந்தது. தட்டுகிற சாக்கில் ஒரு சுற்று, கொலரைப் பார்க்கிற சாக்கில் ஒரு சுற்று, தலைமுடியைச் சரிபார்க்கிற சாக்கில் ஒரு சுற்று. அவர் அசையவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. தப்பினேன் என்று அவள் படியிறங்கி ஓடினாள்.

பின்முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் டின்னை வைத்துக் கரியை மூட்டி, ஊதிச் சிவக்கவைத்து, முருகா என்று கையில் இருந்ததைக் கொட்டினாள். கடுகு படபடவென்று வெடித்தது. அடுத்த நொடி மூக்கில் ஏறியது பாருங்கள் ஒரு காறல்! கண்ணெல்லாம் தண்ணீர். தொண்டைக்குள் யாரோ அரம் வைத்து உரசினதுபோல இருந்தது. சுந்தரேஸ்வரிக்கு இருமலோடு சந்தோஷமும் பொங்கியது. காறுது! அப்படியென்றால் அந்த மனுஷனுக்கு நாவூறு இல்லை! ஒரு கண்ணும் படவில்லை! அவள் இருமிக்கொண்டே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கும்பிட நிமிர்ந்ததால்தான் கண்டாள். மேலே, முற்றத்துக்கு நேரே, ஜன்னல் திறந்தது.

மேடைக்குப் போகுமுன் ஜன்னலைத் திறந்து ஆழமாக மூச்செடுப்பது அவர் பழக்கம். அது இவளுக்குத் தெரியாதா? நான்கு வருடமாகத் தெரியும். ஆனால் வழக்கமாக முகப்பூச்சு முடிந்த பிறகுதான் திறப்பார். இன்றைக்குப் பதற்றத்தில் முன்னதாகத் திறந்துவிட்டார். நீலக் கோட்டோடு வெளியே சாய்ந்து, வாயை ஆவென்று திறந்து, வீட்டுக்கூரை அளவு மூச்சொன்றை இழுத்தார். புகையும் நேரே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, வேண்டாம், மூடுங்கோ!" என்று அவள் தமிழில் கத்தினாள். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி டின்னில் ஊற்றினாள். உஸ்ஸென்று இரண்டு மடங்கு புகை கிளம்பியது. மேலேயிருந்து இருமல் கேட்டது. உலகம் முழுவதும் காசு கொடுத்துக் கேட்ட அந்தக் குரல், கிழட்டு நாய் மாதிரி இருமிக்கொண்டிருந்தது.

அவள் படிகளில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அறைக்குள் கெமெனெஷ் கண்கள் சிவக்கக் கதிரையில் இருந்தார். அரங்க வைத்தியர் தொண்டையில் ஏதோ விசிறினார். அரங்க இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாடகருக்கு உடம்பு சரியில்லையென்றால் ஒருவர் திரைக்கு முன்னால் போய், குரல் சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சபையிடம் கேட்பார். "நான் போய்ச் சொல்கிறேன்" என்றார் இயக்குநர்.

"வேண்டாம்." அந்தச் சொல் கரகரத்து வந்தது. "என் தங்கை முப்பது வருடம் காத்திருந்து உங்கள் மன்னிப்பு அறிவிப்பைக் கேட்கவா வந்திருக்கிறாள்?"

நெருப்புக் காவல்காரர் கையில் நனைந்த பால்மா டின்னோடு வாசலில் வந்து நின்றார். "இது யார் வேலை?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ஒரு கண்ணும் படாத மனிதருக்கு ஒரே ஒரு கெடுதல்தான் வந்தது, அதை இவளே டின்னில் போட்டுக் கொளுத்தியிருக்கிறாள். வேலை போகட்டும், எங்கேயாவது கோப்பை கழுவலாம். ஆனால் அந்தப் பெண் அங்கே சபையில் வந்து இருந்திருப்பாளே! சுந்தரேஸ்வரி வாயைத் திறந்தாள். "நான்..."

"நான்தான் செய்யச் சொன்னேன்" என்றார் கெமெனெஷ். "எங்கள் நாட்டு வழக்கம். கண்ணேறு படாமல் இருக்க."

காவல்காரர் நம்பவில்லை. ஆனாலும் முதல் டெனரைப் பொய்யர் என்று எந்தக் காவல்காரர் சொல்லுவார்? டின்னோடு போய்விட்டார். வைத்தியரும் இயக்குநரும் அவர் பின்னாலேயே வெளியேற, வாசலில் எட்டிப்பார்த்த ஃபிரவ் பிரிங்க்மானும் முணுமுணுத்தபடி போனாள். அறையில் இருவரும் மிஞ்சினார்கள்.

"கண்ணாடியில் பார்த்தேன்" என்றார் அவர் மெதுவாக. "எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா தணலைத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரால் முகம் கழுவிவிடுவாள். யாரோ கண் வைத்துவிட்டார்களாம். நீங்கள் சுற்றியபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அதுதான் பேசாமல் இருந்தேன்." இருமினார். "ஆனால் அம்மா ஜன்னலுக்குக் கீழே செய்யமாட்டாள்."

சுந்தரேஸ்வரி ஓவென்று அழுதாள். அவர் எழுந்து தோளைத் திருப்பிக் காட்டினார். அழுதுகொண்டே 'தொய் தொய் தொய்' சொன்னாள். நன்றி சொல்லாமல் அவர் போனார்.

மேடையோரத்தில் தண்ணீர்க் கோப்பையோடு நின்று அவள் கேட்டாள். முதல் அங்கத்தில் அவர் வாய் திறந்ததும் சபையில் ஒரு சலசலப்பு. குரலில் தோல் உரிந்திருந்தது. மேலே போகிற இடங்களில் நூல் சிக்கியது. ஆனால் அந்த மனிதர் பயப்படவில்லை. இடக்கை விரலால் இசைநடத்துநருக்குச் சாடை காட்டினார், வாத்தியங்கள் தணிந்தன. வழக்கமாக முழங்குகிற வரிகளைப் பேசுவதுபோலப் பாடினார். கிடைத்ததை வைத்துக் கொண்டு, அதை ஒவ்வொரு வரியிலும் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார். கடலில் முப்பது வருடம் கிடந்து வருகிற கிழவனுக்கு எப்படிக் குரல் இருக்குமோ அப்படித்தான் இருந்தது. சலசலப்பு அடங்கிப்போனது. சுந்தரேஸ்வரி தன் அழுகையைக்கூட மறந்துபோய் நின்றாள். வித்தை என்றால் இதுவல்லவா வித்தை! நல்ல தொண்டையோடு யாரும் பாடுவான்.

கடைசியில் கப்பல் தலைவன் தன் ஊர்த் துறைமுகத்தைக் காணுகிற பாட்டு. அதில்தான் அந்த உச்சி வரும். எத்தனையோ தடவை அதில் அவர் கூரையைக் கிழித்திருக்கிறார். இன்றைக்கு ஏலாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் கண்ணை மூடினார். உச்சிக்குப் போனார், ஆனால் முழங்கவில்லை. மிக மெல்லிதாக, கரகரப்போடு, தனக்குத்தானே பாடிக்கொள்கிற பையனைப்போலப் பாடினார். நின்றது! நடுங்கி நடுங்கி, உடையாமல் நின்றது. முடிந்ததும் சபை கைதட்டத் தொடங்கியது, பிறகு நிறுத்தவில்லை.

இருந்தாலும் அறைக்குத் திரும்பியபோது அவர் முகம் விழுந்திருந்தது. "இது என் குரல் இல்லை. அவள் கேட்க வந்தது இது இல்லை" என்றார். அதைக் கேட்ட சுந்தரேஸ்வரிக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது என்று இருந்தது. ஓடிப்போகவும் ஏலாது. முதுகுக் கொளுவிகளை அவளைத் தவிர யார் கழற்றுவது?

பாதிக் கொளுவியில் கதவு தட்டப்பட்டது. சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட்டு, மார்போடு அணைத்த துணிப்பை. ஐம்பது வயது இருக்கும். மூக்கு அப்படியே அவர் மூக்கு. இலோனா வாசலைத் தாண்டவில்லை. அண்ணனைப் பார்த்தாள். பிறகு அறையில் இன்னும் தங்கியிருந்த புகை மணத்தை மோந்தாள். மோந்துவிட்டு ஹங்கேரிய மொழியில் என்னவோ சொன்னாள். கெமெனெஷ் கதிரையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஓடிவந்தாள். கழற்றாத கோட்டோடு அப்படியே கட்டிக்கொண்டார்கள். சுந்தரேஸ்வரியின் விரல் ஒரு கொளுவியில் மாட்டிக்கொண்டதால் அவளும் அந்தக் கட்டிப்பிடிப்புக்குள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

கண்ணைத் துடைத்தபடி அவர் திரும்பினார். "என்ன சொன்னாள் தெரியுமா? ரயிலில் வரும்போது முழுக்கப் பயமாக இருந்ததாம். வானொலியில் கேட்ட அந்தப் பெரிய மனிதரைத் தனக்கு யாரென்று தெரியாதே, அவரிடம் போய் என்ன பேசுவது என்று. இன்றைக்கு நான் வாய் திறந்ததும் பக்கத்திலிருந்தவர் முகம் சுளித்தாராம். இவளுக்கோ துள்ளி எழ வேண்டும் போலிருந்ததாம். 'புகையறைக்குள் இருந்து என் அண்ணன் பாடுகிறான்' என்று."

இலோனா துணிப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்ததை வெளியே எடுத்தாள். நூலில் கோத்த நீண்ட சிவப்பு மாலை. காய்ந்த மிளகாய்! அதைக் கண்டதும் சுந்தரேஸ்வரி இரண்டடி பின்னால் போனாள். கெமெனெஷ் சிரித்த சிரிப்பில் அவருக்கு மறுபடி இருமல் பிடித்தது. தங்கைக்கு அவர் எல்லாவற்றையும் கையைச் சுற்றிச் சுற்றி விளக்கினார். இலோனா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டாள். பிறகு மாலையிலிருந்து ஒரு பிடி மிளகாயைப் பிய்த்து சுந்தரேஸ்வரியின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, அண்ணனைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"கோடையில் நான் ஊருக்குப் போகிறேனாம்" என்று மொழிபெயர்த்தார். "பட்டணமே தெருவில் வந்து நின்று பார்க்குமாம். அங்கே கண் அதிகமாம்."

சுந்தரேஸ்வரி இந்தத் தடவை ஒளிக்கவில்லை. அண்ணனையும் தங்கையையும் சேர்த்து நிற்கவைத்து, திறந்த கதவு வழியே எல்லோரும் பார்க்க, மூன்றுமுறை சுற்றினாள். எரிக்கவில்லை. பத்திரமாக ஏப்ரனில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்தநாள் காலை குசினியில் கரி மூட்டினாள். அந்த நாட்டு மிளகாய் நிறத்துக்குத்தான், உறைக்காது என்று சோதிலிங்கம் வேறு சொல்லி வைத்திருந்தார். உறைக்காததைப் போட்டால் எப்படிக் காறும்? காறாவிட்டால் அந்த மனுஷன் ஊருக்குப் போகிற நேரத்தில் என்ன நினைப்பது? முருகனையும், அந்த ஊர்க் கடவுளையும் சேர்த்துக் கூப்பிட்டுக் கொட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை. கருகுகிற மணம் மட்டும்தான். அதற்குப் பிறகு, அறைக்குள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சோதிலிங்கம் கோப்பையை வைத்துவிட்டு இருமினார். கண்ணைக் கசக்கினார். இன்னும் பெரிதாக இருமினார்.

"கோதாரி! என்னை மூச்சடைச்சுக் கொல்லப்போறீரே? ஜன்னலைத் திறவும்!"

"இருமுங்கோ அப்பா" என்றாள் சுந்தரேஸ்வரி, தானும் இருமி, சிரித்து, கண்ணீர் வழிய. "நல்லா இருமுங்கோ. அவருக்கு ஒண்டுமில்லை, அவர் ஊருக்குப் போட்டு வருவார்."